உறவு கொள்ளாமல் கரு உண்டாகுமா? அச்சமும் உண்மையும்

“நாள் தள்ளிப்போய்விட்டது. நாங்கள் முழுமையாக உறவு கொள்ளவில்லை. இருந்தும் கரு உண்டாகியிருக்குமா?” மகளிர் நலப் பிரிவில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி இது. மணமாகாத இளம்பெண்களும், குழந்தைப்பேற்றைத் தள்ளிவைத்துள்ள தம்பதியரும் இதைக் கேட்கின்றனர். கேட்கத் தயங்கி உறக்கமின்றித் தவிப்பவர்களும், எவரோ சொன்ன மாத்திரையை விழுங்கியபின் வருபவர்களும் உண்டு. இவர்களுக்காகவே இதனை விளக்குகிறோம்.

கரு உண்டாவது எவ்வாறு?

விந்தணுக்கள் யோனிக்குள் சென்று, கருப்பையைக் கடந்து, கருக்குழாயில் முட்டையை அடைந்தால்தான் கரு உண்டாகும். சினைப்பையிலிருந்து வெளிப்படும் முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்ப்புடன் இருக்கும். பெண்ணின் உடலுக்குள் விந்தணுக்கள் 5 நாட்கள் வரை வாழக்கூடும். ஆகவே ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் ஏறத்தாழ 6 நாட்களே கருத்தரிப்புக்கு ஏற்றவை. உடலுக்கு வெளியே விந்து உலர்ந்ததும் விந்தணுக்கள் இறந்துவிடுகின்றன. தோலைத் துளைத்து உட்புகும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லை.

அஞ்சத் தேவையில்லாதவை

முத்தமிடுதல், தழுவுதல், இருவரும் ஆடை அணிந்த நிலையில் நெருங்கியிருத்தல், வாய்வழி உறவு ஆகியவற்றால் கரு உண்டாகாது. ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலும், கழிப்பறை இருக்கையாலும், நீச்சல் குளத்தாலும் உண்டாகாது. எனினும் வாய்வழி உறவினாலும் பிறப்புறுப்புகள் உரசுவதாலும் பால்வினைத் தொற்றுகள் பரவலாம். புண், எரிச்சல், வெள்ளைப்படுதலில் மாற்றம் ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள்.

கவனம் தேவைப்படுபவை

யோனியின் வாயில் விந்து நேரடியாகப் பட்டாலோ, ஈரமான விந்து படிந்த விரல் உள்ளே சென்றாலோ கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் அறவே இல்லை எனக் கூற இயலாது. கன்னித்திரை கிழியவில்லை என்பதும் பாதுகாப்பு ஆகாது. அதில் இயல்பாகவே திறப்பு உண்டு.

இவ்வாறு நேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரை அணுகுங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் எனும் அவசரகாலக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவாக உட்கொள்கிறோமோ அவ்வளவு பயன் மிகுதி. அது முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுமே அன்றி, உண்டான கருவைக் கலைக்காது. 5 நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்ளவும் வழியுண்டு. வாய்ப்பே இல்லாத நிலையில் அச்சத்தினால் மட்டும் இம்மாத்திரையை உட்கொள்ள வேண்டாம். அது மாதவிடாய் நாளை முன்பின்னாக மாற்றி, கவலையை மேலும் வளர்க்கும்.

நாள் தள்ளிப்போனால்

மனக்கலக்கம் முட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்தலாம். அதனால் மாதவிடாயும் தாமதமாகும். கருவுற்றோமோ என்ற அச்சமே நாளைத் தள்ளிப்போடுவதும், தள்ளிப்போன நாள் அச்சத்தை இரட்டிப்பாக்குவதும் இப்படித்தான். குமட்டல், மார்பக வலி, வயிற்று உப்புசம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. மாதவிடாய்க்கு முன்னரும், மிகுந்த பதற்றத்திலும் இவை தோன்றும்.

முடிவு சொல்வது பரிசோதனையே. கரு கருப்பையில் பதிந்த பின்னரே அதற்குரிய ஹார்மோன் சிறுநீரில் தோன்றும். எனவே மறுநாளே பரிசோதிப்பதால் பயனில்லை. மாதவிடாய் வரவேண்டிய நாள் கடந்தபின், காலையின் முதல் சிறுநீரில் சோதியுங்கள். நாள் ஒழுங்கற்றவர்கள் நெருக்கம் நிகழ்ந்து 21 நாட்கள் ஆனபின் சோதிக்கலாம். அதன்பின் கரு இல்லை என முடிவு வந்தால் நம்பலாம். ஒரு வாரம் கழித்தும் மாதவிடாய் வராவிட்டால், மறுமுறை சோதித்து, தாமதத்தின் காரணத்தை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

கருக்கலைப்பு மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி ஒருபோதும் உட்கொள்ளாதீர்கள். மிகுந்த இரத்தப்போக்கு ஏற்படலாம். கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் அம்மாத்திரை அதனை நீக்காது, உயிருக்கே ஆபத்து நேரும். கடும் அடிவயிற்று வலியோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

குடும்பத்தினருக்கு

மகளோ மனைவியோ இவ்வச்சத்தைக் கூறும்போது, முதலில் அமைதியாகக் கேளுங்கள். கண்டிப்புக்கு அஞ்சி மறைப்பவரே காலம் கடந்து வருகின்றனர். விருப்பமின்றி நேர்ந்த செயலெனில் அவர்மீது பழி சுமத்தாது, உடனே அழைத்து வாருங்கள். மகளிர் உதவி எண் 181, சிறாருக்கான எண் 1098.

பரிசோதனை முடிவு தெளிவாக வந்த பின்னும் மீண்டும் மீண்டும் சோதிப்பது, உணவும் உறக்கமும் இழப்பது ஆகியவை பதற்ற நோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் அவரைத் தனியே விடாதீர்கள். டெலி மானஸ் எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

எங்களிடம் வருவோர் மருத்துவரைத் தனியே சந்தித்துப் பேச விரும்பினால், பதிவு செய்யும்போதே செவிலியரிடம் கூறுங்கள். எந்த நாளில், என்ன நிகழ்ந்தது, கடைசி மாதவிடாய் எப்போது என்ற மூன்றையும் தயங்காமல் சொன்னால் போதும். உரிய விடையை அளிக்க இயலும்.