மாணவர் இருவர் தரும் பாடம்

கூட்டு முயற்சி எதுவாயினும் தொடக்கத்தில் இரண்டு வினாக்கள் எழும். யாருடன் சேர்ந்து உழைப்பது? முதலுக்கு வழி என்ன? இவ்விரண்டிலும் ஆரம்பத்தில் நேரும் பிழை பின்னர் எளிதில் திருந்துவதில்லை. புதிய சங்கம் அமைக்க முனைவோருக்கு, அமெரிக்க மாணவர் இருவரின் வரலாறு இதில் நல்ல பாடமாக அமையும்.

கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் சேரும் உத்தேசத்துடன் 1995இல் லாரி பேஜ் என்ற இளைஞர் அங்கு வந்தார். அவருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டியவர் செர்ஜி பிரின் என்னும் மாணவர். முதற் சந்திப்பிலேயே இருவருக்கும் பல விஷயங்களில் கருத்து வேற்றுமை எழுந்தது. எனினும் அவர்கள் பிரிந்துவிடவில்லை. இணையத்தில் வேண்டிய செய்தியைத் தேடித் தரும் கருவியொன்றை 1996இல் சேர்ந்தே உருவாக்கினர். இன்று யாவரும் அறிந்த கூகிள் நிறுவனத்தின் வித்து அதுவே. பாவும் ஊடையும் எதிரெதிராக ஓடினால்தானே துணி உண்டாகிறது! உறுப்பினர் வாதாடுவதால் சங்கம் கெடாது. மனக்குறையை உள்ளே வைத்துக்கொண்டு கூட்டத்தில் வாய் திறவாமலிருப்பதால்தான் கெடும்.

இனி முதலைப் பற்றிப் பார்ப்போம். தொடக்கத்தில் பல்கலைக் கழகத்தின் கணிப்பொறிகளையே அவர்கள் பயன்படுத்தினர். 1998 ஆகஸ்டில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஆண்டி பெக்டோல்ஷைம், அக்கருவியின் சிறப்பைக் கண்டு 1 லட்சம் டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். ஆனால் காசோலையில் எழுதிய பெயரில் நிறுவனம் எதுவும் அன்று இல்லை! ஆகவே அது மேசை அறையில் கிடந்தது. செப்டம்பரில் நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் பெயரில் கணக்குத் தொடங்கிய பின்னரே பணம் கைக்கு வந்தது.

இது சிறு செய்திபோல் தோன்றலாம். எனது பணியில் நான் கண்ட ஒன்றை இங்குக் கூறுகிறேன். ஓர் ஊரில், இன்னும் பதிவாகாத நெசவாளர் சங்கத்துக்கென வசூலித்த பங்குத் தொகையை அமைப்பாளர் ஒருவர் தம் சொந்தக் கணக்கில் வைத்திருந்தார். அவர் நேர்மையாளர், ஒரு காசும் எடுத்தவரல்லர். ஆனால் திடீரென அவர் காலமானபோது, எது சங்கத்தின் பணம், எது குடும்பத்தின் பணம் என்று பிரித்தறிய இயலவில்லை. நூல் வாங்கப் பணமின்றித் தறிகள் ஓய்ந்தன. அமைப்பாளரின் மனைவியும் அவதூறுக்கு ஆளானார். நம்பிக்கை உயர்ந்ததே, ஆயினும் அது கணக்கேட்டுக்கு ஈடாகாது.

மூன்றாவது பாடம் அதிகாரத்தைப் பற்றியது. 1999இல் கூகிள் நிறுவனம் 2.5 கோடி டாலர் முதலீடு பெற்றது. அதை ஒருவரிடமே பெறாமல், இரண்டு முதலீட்டு நிறுவனங்களிடம் பெற்றனர். எந்த ஒன்றும் தனித்து ஓங்கிவிடலாகாது என்பதே நோக்கம். 2004இல் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றபோது, நிறுவியவர்கள் வைத்திருந்த வகைப் பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்குகள் என வகுத்துக்கொண்டனர்.

இந்த ஏற்பாடு கூட்டுறவுக்குப் பொருந்தாது. ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு என்பதே நமது நெறி. ஆயினும், பணம் தருபவன் கையில் ஆட்சி போய்விடலாகாது என்று அவர்கள் கொண்ட கவலையே நம் நெறிக்கும் அடிப்படை. அவர்கள் அரிதின் முயன்று அமைத்துக்கொண்ட காப்பு, நமக்குச் சட்டத்தாலேயே கிடைத்திருக்கிறது. அதை நாம் பயன்படுத்துகிறோமா? பொதுப் பேரவைக்கு வாராமல், தீர்மானத்தைப் படியாமல் ஒப்பமிடும் உறுப்பினர், தம் வாக்கைத் தாமே பிறருக்குக் கொடுத்துவிடுகிறார்.

ஆகவே, புதிய சங்கம் காண விழையும் இளைஞர்களே! முதலில் மனம் திறந்து வாதாடுங்கள். பின்னர் முறைப்படி பதிவு செய்யுங்கள். வசூலிக்கும் தொகை ஒவ்வொன்றுக்கும் அன்றே ரசீது கொடுத்து, சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கிலேயே சேருங்கள். உழைப்பவர் கையில் ஆட்சி நிலைக்க இதுவே வழி.