120 நாளும் 24 வாரமும்

26 வாரங்களைக் கடந்த கருவைக் கலைக்க அனுமதி வேண்டிய ஒரு மணமான பெண்ணின் கோரிக்கையை, 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர் இரு குழந்தைகளின் தாய். இளைய குழந்தைக்குப் பாலூட்டிய காலத்தில் மாதவிலக்கு இல்லாமையால் கருவுற்றதை அறியவில்லை என்றும், மகப்பேற்றுக்குப் பிந்திய மனநோய்க்கு மருந்துண்டு வருவதாகவும் அவர் கூறியிருந்தார். ஒரு வாரத்திற்கு முன் நீதிமன்றமே அனுமதி அளித்திருந்தது. கரு உயிருடன் பிறக்கக்கூடும் என எய்ம்ஸ் மருத்துவர் தெரிவித்ததும் நிலைமை மாறியது.

ஃபிக்ஹ் பயின்றோர்க்கு இத்தாய் புதியவர் அல்லர். கருவைக் கலைக்கத் தக்க ‘உத்ர்’, அதாவது ஏற்புடைய காரணம், எதுவென விளக்கும் ஹனஃபி அறிஞர்கள் எடுத்துக்காட்டுவதும் பாலூட்டும் தாயைத்தான். மீண்டும் கருவுற்றதால் அவளுக்குப் பால் வற்றுகிறது. செவிலித்தாயை அமர்த்தத் தந்தைக்கு வசதியில்லை. மடியிலுள்ள குழந்தை இறந்துவிடுமோ என்ற அச்சம். இந்நிலையில் 120 நாள்களுக்குள் கலைக்க இடமுண்டு என்பதை இப்னு ஆபிதீன் (ரஹ்) பதிவு செய்கிறார். காரணமின்றிக் கலைப்பதற்கு இது அனுமதியன்று.

இந்த 120 நாள், கருவில் ரூஹ் ஊதப்படுவது குறித்து இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸிலிருந்து பெறப்பட்டது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தொடக்கத்திலிருந்தே கலைப்பதைக் குற்றமாகக் கண்டார். நாள் ஏற ஏறக் குற்றமும் கடுமையாகும் என்றார். மாலிகிகள் மேலும் கண்டிப்பானவர்கள். ஆகவே “இஸ்லாம் அனுமதிக்கிறது”, “இஸ்லாம் தடுக்கிறது” என்று மேடைகளில் ஒரே வரியில் முடிப்பது இரு தரப்பிலும் சோம்பலே.

நாள் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றனர். கரு தரிப்பதோ அதற்குச் சுமார் இரு வாரங்கள் கழித்து. ஆகவே ஃபிக்ஹின் 120 நாள், மருத்துவச் சீட்டில் ஏறத்தாழ 19 வாரம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 20 வார எல்லை இதற்கு மிக அருகில் அமைந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை நீட்டித்தது; கருவில் கடுமையான ஊனம் இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிந்தால் எல்லையே இல்லை. மக்காவின் ஃபிக்ஹ் மன்றமோ 1990இல், ஊனத்தின் பொருட்டுக் கலைப்பதை 120 நாள்களுக்குள் மட்டுமே ஏற்றது. அதன்பின் தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி இல்லை என்றது. ஊனத்தைக் காட்டும் விரிவான ஸ்கேன் வழக்கமாக 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படுகிறது. முடிவு கைக்கு வரும்போது ஃபிக்ஹின் தவணை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மண்டையோடு உருவாகாமை போன்ற சில பெருங்குறைகள் 11 முதல் 13 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனிலேயே தெரியக்கூடும். இதை நம் ஜமாஅத்துகள் பெண்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

கணவனின் அனுமதி பற்றியும் கேட்கின்றனர். அனுமதியின்றி மனைவி கலைத்தால் ‘ஃகுர்ரா’ என்னும் ஈட்டுத்தொகை உண்டு என ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. அது கருவின் வாரிசுகளுக்குரிய இழப்பீடு. அதைக் கொண்டே முடிவு முழுவதும் கணவனுடையது என வாதிடுவது பொருந்தாது. இந்தியச் சட்டத்தில் வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே தேவை. ஆயினும் கலைக்கலாமா என்று தீர்மானிப்பவர் மருத்துவர். பெண்ணின் உரிமை என்று நாம் பேசும் சட்டத்தின் உள்ளமைப்பு இதுதான்.

செஞ்சிப் பகுதியில் இம்மஸ்அலாவைக் கேட்டு வருவோர் பெரும்பாலும் கணவரோ மாமனாரோ. எத்தனை நாள் ஆயிற்று என்றால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கருவுற்றவரிடம் நேரில் கேட்காமல் நாள் கணக்கும் தெரியாது, உத்ரும் தெரியாது. அதுவரை ஃபத்வாவுக்கு இடமில்லை.