தண்டனை முடிந்தபின் எங்கே தங்குவது?

அமெரிக்காவின் மயாமி நகரில் ஜூலியா டட்டில் என்றொரு கடற்பாலம் உள்ளது. சில ஆண்டுகள், 2010 வரை, அதன் அடியில் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் பலர் வாழ்ந்துவந்தனர். பாலியல் குற்றங்களுக்காகத் தண்டனை அனுபவித்து வெளியே வந்தவர்கள் அவர்கள். அவர்களை அங்கே தள்ளியது ஒரு விதிமுறை.

சிறார்க்கு எதிராகப் பாலியல் குற்றம் புரிந்தவர்கள், பள்ளியிலிருந்து 2,500 அடிக்குள் வசிக்கக்கூடாது என்று 2005ஆம் ஆண்டில் மயாமி-டேட் வட்டாரம் விதித்தது. அது ஏறக்குறைய 760 மீட்டர். நம்மூரில் தேக்கா நிலையத்திலிருந்து முஸ்தஃபா கடைத்தொகுதி வரை நடந்தால் கிட்டத்தட்ட அந்தத் தூரம் வரும். பள்ளிகள் நிறைந்த நகரில் அந்த வட்டங்களுக்கு வெளியே வாடகைக்கு வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. கடைசியில் பாலத்தடியே அவர்களின் முகவரியானது.

பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. ஆனால், தூரம் பிள்ளைகளைக் காக்கிறதா என்பதுதான் கேள்வி.

மினசோட்டா மாநிலச் சிறைத்துறை 2007ல் இதை ஆராய்ந்தது. விடுதலைக்குப் பின் மீண்டும் பாலியல் குற்றம் செய்து சிறை சென்ற 224 பேரின் வழக்குகளை அது அலசியது. வசிப்பிடத் தடை இருந்திருந்தால் அவற்றில் ஒன்றுகூடத் தடுக்கப்பட்டிருக்காது என்பதே அதன் முடிவு. இத்தகைய குற்றங்களைச் செய்வோர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள். உறவு, நட்பு வழியாக நெருங்கும் ஒருவரைப் பள்ளியைச் சுற்றிப் போட்ட வட்டம் தடுப்பதில்லை. வீடு, வேலை, முகவரி எதுவும் நிலையாக இல்லாதவரைக் கண்காணிப்பதோ மிகக் கடினம்.

சிங்கப்பூரின் வழி

பாலியல் குற்றவாளிகளின் பெயர்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடும் பட்டியல் சிங்கப்பூரில் இல்லை. இங்கு, இடத்தைவிட ஆளைக் கண்காணிப்பதற்கே முதலிடம்.

2014ல் நடப்புக்கு வந்த கட்டாயப் பிற்காலப் பராமரிப்புத் திட்டம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதில் சேர்க்கப்படுவோர் முதலில் மறுவாழ்வு இல்லத்தில் தங்குவர். பின்னர் வீட்டில் கண்காணிக்கப்படுவர். அதன்பின் படிப்படியாகச் சமூகத்துடன் இணைவர். ஊரடங்கு நேரம், மின்னியல் கண்காணிப்புப் பட்டை, ஆலோசனை ஆகியவை இந்தக் கட்டங்களில் இடம்பெறலாம்.

கடுமையும் கூடியிருக்கிறது. கடுமையான வன்முறை, பாலியல் குற்றம் புரிந்து, இன்னும் ஆபத்தானவர்களாகக் கருதப்படுவோருக்கெனப் புதிய தண்டனை ஒன்றை 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் ஏற்றது. நீதிமன்றம் 5 முதல் 20 ஆண்டுவரை குறைந்தபட்சக் காலத்தை விதிக்கும். அது முடிந்தாலும், பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று உறுதியானால்தான் விடுதலை.

வரைபடத்தில் ஓரிடம்

அப்படியென்றால், மறுவாழ்வு இல்லம் எங்கே அமையலாம்? எந்த நிலம் எதற்கு என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் வகுக்கிறது. சமூக நிலையங்களுக்கான நிலப்பிரிவில் சமூக மன்றம், பாலர் பராமரிப்பு நிலையம், முதியோர் இல்லம், நலன்புரி இல்லம் எல்லாம் ஒன்றாக இடம்பெறுகின்றன. திட்டப்படி பார்த்தால் இவை அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டியவை.

நம் சமூகத்துக்கும் இதில் பங்குண்டு. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் வளாகத்திலிருந்து இயங்கும் இந்து அறக்கட்டளை வாரியம், ‘ஆசிரமம்’ என்ற மறுவாழ்வு இல்லத்தை நடத்துகிறது. போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக உருவானது அது. அரசாங்கமே நடத்தும் முதல் மறுவாழ்வு இல்லம் 2019ல் சிலாராங்கில் திறக்கப்பட்டது.

இத்தகைய முயற்சிகளின் பலன் தெரிகிறது. 1998ல் விடுதலையான கைதிகளில் 44.4 விழுக்காட்டினர் இரண்டே ஆண்டுகளில் மீண்டும் சிறை சென்றனர். அண்மைய ஆண்டுகளில் அது ஐவரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. இது எல்லாக் குற்றங்களையும் சேர்த்த கணக்கு.

ஆனாலும், ‘நல்ல திட்டம்தான், எங்கள் புளோக் பக்கம் வேண்டாம்’ என்ற குரல் நமக்குப் புதிதன்று. 2012ல் உட்லண்ட்சில் முதியோர் பராமரிப்பு நிலையத்துக்கும் பீஷானில் தாதிமை இல்லத்துக்கும் குடியிருப்பாளர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். முதியோருக்கே தயங்கிய அக்கம்பக்கம், முன்னாள் கைதிகளை எளிதில் ஏற்குமா?

ஏற்கச் சொல்வது, பாதிக்கப்பட்டவரின் வலியை மறக்கச் சொல்வதாகாது. இன்னொருவர் பாதிக்கப்படக்கூடாது என்பதே நோக்கம். அதற்கு, விடுதலையானவர் இரவில் எங்கே உறங்குகிறார், பகலில் எங்கே வேலை செய்கிறார் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலத்தடியில் இருப்பவரைவிட, கூரையின்கீழ் இருப்பவரைக் கண்காணிப்பது எளிது.

பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. அதன் நகல் காட்சிக்கு வரும்போது யாரும் கருத்துச் சொல்லலாம், மாணவர்கள் உட்பட. அடுத்த முறை, உங்கள் வட்டாரத்தின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். எதிர்க்கும் குரல்கள் எப்போதும் முதலில் வந்துவிடும். யோசித்துப் பேசும் இளையர் குரலும் அங்கே பதிவாகட்டும்.