குழாய்க்குள் வளரும் பாறை

சிங்கில் தேங்கிய தண்ணீரில் இரண்டு கறிவேப்பிலை மிதக்கும்போதுதான், அதற்குக் கீழே ஒரு குழாய் இருப்பதே வீட்டில் பலருக்கு ஞாபகம் வருகிறது. உடனே பழியும் கறிவேப்பிலைமேல் விழுகிறது. பாவம், அது கடைசியாக வந்து மாட்டிக்கொண்டது. உண்மையான குற்றவாளி பல மாதங்களுக்கு முன்பே உள்ளே குடியேறிவிட்டது. அதன் பெயர் எண்ணெய்.

ஒரு கரண்டி எண்ணெய் என்ன செய்துவிடும் என்ற கேள்விக்கு லண்டன் சாக்கடையில் பதில் கிடைத்தது. 2017 செப்டம்பரில், நகரின் கிழக்கே வைட்சேப்பலில், விக்டோரியா ராணி காலத்துச் சாக்கடையை 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு கொழுப்புப் பாறை அடைத்துக்கொண்டு கிடந்தது. எடை 130 டன் என்று மதிப்பிட்டார்கள். வீடுகளும் உணவகங்களும் ஊற்றிய கொழுப்பு. அதோடு கழிப்பறையில் போட்ட ஈரத்தாள், நாப்கின், டயாப்பர். ஆட்கள் மண்வாரியும் உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயுமாக இறங்கி, வாரக்கணக்கில் உடைத்து எடுத்தார்கள். அதில் ஒரு பகுதி பயோடீசலாக மாறியது. ஒரு துண்டு 2018 பிப்ரவரியில் லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

அது வெறும் உறைந்த எண்ணெய் அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. கழிவுநீரில் கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலமாகிறது. அது தண்ணீரிலும் சிமென்ட்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத ஒரு சோப்பாக இறுகிவிடுகிறது. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுச் சமையலறைக்கு எந்தக் குறையும் இல்லை. ரேஷன் பாமாயிலில் சீக்கிரம் உறையும் வகைக் கொழுப்பு அதிகம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரியும் போர்வெல் தண்ணீர், வேண்டிய கால்சியத்தைக் கொடுக்கிறது. பாத்ரூமிலும் இதே கதைதான். அங்கே சோப்புக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தலைமுடி இருக்கிறது.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் எண்ணெய் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. போகும், சில அடி தூரம். வெந்நீர் ஆறும் இடத்தில் அதுவும் நின்றுவிடும். கைக்கு எட்டும் இடத்தில் இருந்த அடைப்பைச் சுவருக்குள் தள்ளிவிட்டதுதான் மிச்சம்.

சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரம் தேய்த்த நாட்களில் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் இழுத்துக்கொண்டது, கழுவிய தண்ணீர் கொல்லை வாழைக்குப் போனது. பிறகு சிங்க் வந்தது, வாழை போய்விட்டது, ஊற்றும் பழக்கம் மட்டும் அப்படியே நின்றது. அதை மாற்றப் பெரிய செலவில்லை. வாணலியைக் கழுவும் முன் பழைய செய்தித்தாளால் ஒரு துடைப்பு. கிரைண்டர் கழுவிய மாவுத் தண்ணீர், புளிச் சக்கை, டீத்தூள் மூன்றும் செடிக்கோ குப்பைக்கோ. சிங்க் வாயில் ஒரு ஜல்லடை, பாத்ரூம் ஜாலியில் இன்னொன்று. அந்த ஜல்லடையைத் தினமும் தட்டிக் கொட்ட வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலான வீடுகள் மறந்துவிடுகின்றன.

இத்தனைக்குப் பிறகும் அடைத்துக்கொண்டால்? முதலில் சிங்குக்கு அடியில் குனிந்து பார்ப்பது நல்லது. அங்கே தொங்கும் பாட்டில் ட்ராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கீழே ஒரு வாளி வைக்காமல் கழற்றுகிறவர் அந்தத் தவற்றை இரண்டாம் முறை செய்யமாட்டார். பாதி அடைப்புகள் ட்ராப்பின் கிண்ணத்துக்குள்ளேயே அகப்பட்டுவிடும். இல்லையென்றால் ரப்பர் பம்ப். ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும்; வாஷ்பேசினின் மேல் ஓட்டையை ஈரத்துணியால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தமெல்லாம் அந்த வழியாகப் போய்விடும். பத்துப் பதினைந்து முறை அழுத்தி இழுக்க வேண்டும். பலர் அழுத்துவதோடு விட்டுவிடுகிறார்கள், ஆனால் கட்டியை அசைப்பதில் இழுப்புக்கும் பாதிப் பங்கு உண்டு. முடி அடைப்புக்கு ஸ்பிரிங் கம்பிதான் சரி.

சோடா உப்பும் வினிகரும் சேர்த்து ஊற்றும் வைத்தியம் பார்க்க அழகாகப் பொங்கும். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் வாயுவும் உப்புத் தண்ணீரும்.

கடையில் விற்கும் அடைப்பு நீக்கிப் பொடி வேறு ரகம். பெரும்பாலும் காஸ்டிக் சோடா. சிலவற்றில் அலுமினியத் துகளும் கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் கடும் சூடு கிளம்பிக் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைக்கும். வேலை செய்தால் சரி. செய்யாவிட்டால், சிங்க் நிறைய நிற்பது தோலை அரிக்கும் திரவம். பின்னால் வந்து குழாயைக் கழற்றும் பிளம்பரிடம் பொடி போட்டதைச் சொல்லாமல் மறைப்பது அவருக்குச் செய்யும் துரோகம். பொடி பலிக்கவில்லை என்று அதன்மேலேயே ஆசிட் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூமில் அது மூச்சை நிறுத்தக்கூடியது.

மாதம் ஒரு முறை அதே இடத்தில் அடைத்தால், கோளாறு சமையலில் இல்லை, வாட்டத்தில் இருக்கலாம். வெளிக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி சரிவு என்பது வழக்கமான கணக்கு. தரைக்கு நீர்மட்டம் பார்க்கும் கொத்தனார், மண்ணுக்குள் மறையப்போகும் குழாய்க்கும் பார்த்தாரா என்பது வீடு கட்டும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

மாடியில் குளிக்கும்போது கீழ்வீட்டுக் கழிப்பறை குபுகுபுவென்று பொங்கினால், அடைப்பு வெளிச் சேம்பரிலோ தெருச் சாக்கடையிலோ இருக்கிறது. அங்கே ரப்பர் பம்பால் பயனில்லை. ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஆளை உள்ளே இறக்குவது மட்டும் கூடவே கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கூப்பிட வேண்டியது உள்ளாட்சியின் இயந்திர வண்டியை.

கோடை விடுமுறை முடிந்து பூட்டிய வீட்டைத் திறந்ததும் வீசும் நாற்றத்தை மட்டும் அடைப்பு என்று எண்ணிப் பயந்துவிடக் கூடாது. ட்ராப்பின் வளைவில் எப்போதும் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775-இல் கழிப்பறைக் குழாயை வளைத்துக் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருக்கும். ஜாலிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.