வேடந்தாங்கல்

செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்திற்கு அண்மையில் வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உளது. தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வேடனுடைய பெயர் பூண்ட ஏரியே பறவைகளின் புகலிடமாக விளங்குவது வியப்பன்றோ!

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியன இங்கு வந்து சேரும். நீரின் நடுவே நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் அவை கூடு கட்டும். சூழ்ந்துள்ள நீரே கூடுகளுக்கு அகழி. கீரியும் காட்டுப்பூனையும் எளிதில் அணுகா. மழை பொய்த்த ஆண்டில் பறவைகளின் வரவும் குன்றும்.

பறவைகளின் எச்சம் நீரிற் கலந்து நல்லுரமாகிறது. அந்நீர் பாயும் வயல்களுக்கு வேறு எரு மிகுதியாக வேண்டுவதில்லை. இவ்வுண்மையை ஊரார் நூல் கற்று அறிந்தாரல்லர். தம் கழனியிற் கண்டு அறிந்தனர். ஆதலின், ஆங்கிலப் படைவீரர் சிலர் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் வாளா இருந்திலர், கலெக்டரிடம் முறையிட்டனர். அந்நாளைக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பார், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்து, 1798ஆம் ஆண்டில் கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்பது உறுதிச் சீட்டு. நிலத்திற்காகக் கவுல் பெறுதல் அக்கால வழக்கம். இவ்வூராரோ பறவைகளுக்காகப் பெற்றனர்! அதனை 1858இல் புதுப்பித்தும் கொண்டனர்.

உலகின் சிறப்புமிக்க ஈரநிலங்களைக் காக்க, 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதன் பட்டியலில் வேடந்தாங்கல் 2022ஆம் ஆண்டில் இடம்பெற்றது.

இதனைக் காண விழைவோர் மார்கழி, தை மாதங்களில் செல்லுதல் நலம். மாலையில் ஏரிக்கரையில் ஓசையின்றி நின்றால், பகலெல்லாம் இரை தேடிய பறவைகள் அணியணியாகக் கூடு திரும்புவதைக் காணலாம்.