புராஸ்டேட் புற்றுநோய்: கண்காணிப்பின் நடுவே புதிய அறிகுறி வந்தால்?

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர். வயது 68. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெரியவந்தது. 'ஆபத்துக் குறைந்த வகை. இப்போது அறுவை சிகிச்சை வேண்டாம், கண்காணித்து வருவோம்' என்றார் மருத்துவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை என்று நாட்கள் அமைதியாகவே கழிந்தன.

சென்ற ஆண்டு திடீரென்று இரவில் ஐந்தாறு முறை எழ வேண்டியதாயிற்று. சிறுநீர் கழித்தால் எரிச்சல். கூடவே அடிவயிற்றில் வலி. 'நோய் பரவிவிட்டது' என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு, மூன்று வாரம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொட்டுச் சொட்டாகக் கசிகிறது, உளூ நிற்கவில்லை என்று ஜமாஅத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். ஏன் காணவில்லை என்று விசாரிக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மகன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பி.எஸ்.ஏ. அளவும் ஏறியிருந்தது. வீடே கலங்கிப்போனது. 'உடனே ஆபரேஷன் செய்துவிடுங்கள்' என்றார் பெரியவர். மருத்துவரோ முதலில் சிறுநீரைச் சோதித்தார். கிருமித் தொற்று! மருந்து கொடுத்து, ஆறு வாரம் கழித்து மீண்டும் ரத்தம் பார்த்தார்கள். அளவு பழைய நிலைக்கு இறங்கியிருந்தது.

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது என்ன? ஆபத்துக் குறைந்த புராஸ்டேட் புற்றுநோய் பொதுவாக எந்த அறிகுறியும் காட்டாது. இந்த வயதில் சிறுநீர்த் தொல்லைக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும்: வயதால் வரும் சாதாரணப் புராஸ்டேட் வீக்கம், கிருமித் தொற்று, கட்டுப்படாத சர்க்கரை. சில சளி மாத்திரைகள்கூடச் சிறுநீரை அடைத்துவிடும்.

பி.எஸ்.ஏ. என்பதும் புற்றுநோயை மட்டும் காட்டும் அளவு அல்ல. தொற்று வந்தால் ஏறும். மாறாக, வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகள் அதைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். எனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பிரிட்டனில் புராஸ்டேட்டைத் தாண்டாத புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் 15 ஆண்டு முடிவு 2023இல் வெளியானது. கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என எந்த வழியில் போனவர்களிலும் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதேசமயம், கண்காணிப்பில் தொடங்கியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் பின்னர் சிகிச்சைக்கு மாறினார்கள். ஆகவே கண்காணிப்பு என்றால் சும்மா விட்டுவிடுவது என்று பொருளல்ல. குறித்த நாளில் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

தாமதிக்கவே கூடாத அறிகுறிகளும் உண்டு:

• சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொள்வது.

• குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல். குறிப்பாக, திசுப் பரிசோதனை முடிந்த சில நாட்களுக்குள்.

• கால்கள் பலமிழப்பது, மரத்துப்போவது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு போவது.

இவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சிறுநீரில் ரத்தம், படுத்தாலும் குறையாத முதுகு வலி, காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றை அடுத்த பரிசோதனை நாள் வரை தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரில் ரத்தம் வருவது சிறுநீர்ப்பை நோயாகவும் இருக்கலாம். புகைபிடிப்பவர்கள் அலட்சியம் செய்யவே கூடாது. திசுப் பரிசோதனைக்குப் பிறகு விந்தில் சில வாரம் ரத்தம் தெரிவது மட்டும் வழக்கமானதே.

நோயால் சிறுநீர் விடாமல் கசிபவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் உளூ செய்து தொழுதுகொள்ளலாம். கூச்சப்பட்டு மறைக்க வேண்டிய காரியம் அல்ல இது.

நம் வீட்டு ஆண்கள் இந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். வாப்பா இரவில் அடிக்கடி எழுகிறாரா? பிள்ளைகளே பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் தேதிவாரியாக வையுங்கள். அது என்ன நோய் என்று முடிவு செய்வதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.