நானூறு பசுக்களும் மூன்று குழந்தைகளும்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள நெப்ராஸ்கா மாநிலத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். மக்கள் தொகையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு மாடுகள் அங்கே உள்ளன. மாநிலத்தின் கால் பங்கு நிலம் மணற்குன்றுகள். குன்றுகளின் மேல் புல் வளர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏர் பூட்டிப் புல்லைக் கிளறினால் காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும். 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளுக்கு 640 ஏக்கர் இலவசமாகப் பெற்றுக் குடியேறியவர்களில் பலர் உழுது பார்த்துக் கைவிட்டுப் போனார்கள். புல்லை மாட்டுக்கு விட்டவர்கள் நிலைத்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இன்று 'ரான்ச்' எனப்படும் மேய்ச்சல் பண்ணைகளை நடத்துகிறார்கள்.

இந்தப் பசுக்களிடம் யாரும் பால் கறப்பதில்லை. இவை இறைச்சிக்கான இனங்கள். பால் முழுவதும் கன்றுக்கே. ஒரு பசுவும் அதன் கன்றும் ஓர் ஆண்டு பிழைக்க அந்த மணல் நிலத்தில் சுமார் 15 ஏக்கர் வேண்டும். நானூறு பசு வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆறாயிரம் ஏக்கர் என்று கணக்கு. கேட்பதற்கு ஜமீன் போலத் தோன்றும். ஆனால் அந்த ஆறாயிரம் ஏக்கரில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் கணவன், மனைவி, உடல்நிலை இடங்கொடுத்தால் தாத்தா. கூலி ஆள் கிடைப்பது அரிது. பல வீடுகளில் மனைவி வெளியே ஆசிரியையாகவோ நர்ஸாகவோ வேலை பார்க்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை கன்று விற்கும் பணத்தை மட்டும் நம்ப முடியாது என்பது ஒரு காரணம். வேலையோடு மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்பது மற்றொன்று. கடைத்தெருவுக்குப் போக ஐம்பது அறுபது மைல் ஓட்ட வேண்டியவர்களும் உண்டு. குழந்தைகள் காப்பகம் பக்கத்தில் கிடையாது. ஆகவே, தந்தை மாட்டைப் பார்க்கப் போகும்போது மூன்று வயதுக் குழந்தையும் கூடவே போகிறது. அந்தக் குடும்பங்களின் எல்லாச் சிக்கல்களுக்கும் மூலம் இதுதான்.

கன்று ஈனும் பருவம்

பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஜூன் தொடக்கத்தில் பொலிகாளைகளை மந்தையில் விட்டால் மார்ச் நடுவில் கன்றுகள் விழத் தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் நானூறும் ஈன்றாக வேண்டும். மார்ச் மாதம் அங்கே பனியும் புயலும் அடங்காத மாதம். முதல் ஈற்றுக் கிடேரிகளைத் தனியே அடைத்து, இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை விளக்கோடு போய்ப் பார்க்கிறார்கள். பனிக்குடம் உடைந்த பின் ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் கிடேரிக்கு உதவி தேவை என்பது விதி. பலமுறை ஈன்ற பசுவுக்கு அரை மணி நேரம்.

ஈரத்தோடு பனியில் விழுந்த கன்று எழுந்து நிற்காவிட்டால் அதை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பிக் கன்றைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி பிடித்துக்கொள்வார்கள். உடல் சூடேறியதும் துடைத்து, சமையலறையில் பழைய கம்பளத்தின் மேல் கிடத்துவார்கள். காலையில் எழுந்து வரும் பிள்ளைகளுக்கு அடுப்படியில் கன்று படுத்திருப்பது புதுமையல்ல. முதல் ஆறு மணி நேரத்துக்குள் சுமார் இரண்டு லிட்டர் சீம்பால் உள்ளே போக வேண்டும். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளை ஏற்கும் சக்தி கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அநேகமாக நின்றுவிடுகிறது. நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு சீம்பால் கொடுக்கலாம் என்று நம் பக்கத்தில் இன்னும் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரவெல்லாம் தொழுவத்தில் நின்றவர் பகலில் டிராக்டர் ஓட்டுகிறார், பக்கத்தில் குழந்தை. தூக்கமின்மை எத்தனை விபத்துக்கு வழி வகுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பசு பகலிலேயே ஈன்றால் பாதித் தொல்லை தீரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை.

தீனி நேரத்தை மாற்றினால்

கனடாவின் மானிடோபா மாகாணத்தைச் சேர்ந்த கஸ் கோனெஃபல் என்ற பண்ணையாளர் 1970களில் ஒன்றைக் கவனித்தார். இரவில் தீனி போட்ட பசுக்கள் பெரும்பாலும் பகலில் ஈன்றன. பின்னர் பல இடங்களில் சோதித்தார்கள். அயோவா மாநிலத்தில் 15 பண்ணைகளில் 1,331 பசுக்களுக்கு நாளுக்கு ஒரே முறை, அந்தி நேரத்தில் தீனி போட்டதில், 100க்கு 85 கன்றுகள் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே பிறந்தன.

காரணம் முழுவதும் தெளிவாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தீனி தின்று அசைபோடும் நேரத்தில் முதல் இரைப்பை வேகமாக இயங்குகிறது. ஈனுவதற்கு முந்திய சில மணி நேரத்தில் அந்த இயக்கம் தானாகக் குறைகிறது. இரவில் வயிறு வேலை செய்துகொண்டிருந்தால் பேறு பகலுக்குத் தள்ளிப்போகிறது என்று கருதுகிறார்கள். ஈனும் பருவத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே தீனி நேரத்தை மாற்றிவிட வேண்டும்.

நம் கொட்டிலில் கட்டியிருக்கும் சினை மாட்டுக்கும் இதைச் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் பகலெல்லாம் வைக்கோலைப் போட்டுவிட்டு இரவிலும் ஒரு கட்டுப் போட்டால் பலன் எதிர்பார்க்கக்கூடாது. முக்கியத் தீனி அந்திக்குப் பிறகுதான் இருக்க வேண்டும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து இரவில்தான் ஈனுகின்றன என்பதால் காவலை அடியோடு விட்டுவிடவும் கூடாது.

கழிச்சல் நோய்

கன்றுகளை வாரிக்கொண்டு போவது கழிச்சல். முதலில் பிறந்த கன்றுகள் நோய்க்கிருமியைப் பெருக்கி மண்ணில் விடுகின்றன. பின்னால் பிறப்பவை அதில் படுத்து நோயாகின்றன. இதற்கு நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு 'மணற்குன்று முறை' என்றே பெயர். வழக்கமாக ஈன்ற பசுவைக் கன்றோடு வேறு இடத்துக்கு ஓட்டுவார்கள். இம்முறையில் தாயும் கன்றும் இருந்த இடத்திலேயே இருக்க, இன்னும் ஈனாத பசுக்களைத்தான் வாரம் ஒரு முறை புதுப் புல்வெளிக்கு மாற்றுகிறார்கள். அதனால் ஒவ்வொரு கன்றும் சுத்தமான தரையில் பிறக்கிறது. ஒரு வார வயதுக்கு மேல் வித்தியாசம் உள்ள கன்றுகள் கலப்பதில்லை. இதைப் பின்பற்றிய பண்ணைகளில் கழிச்சல் சாவு அநேகமாக நின்றுபோயிற்று. கன்றுகள் நான்கு வாரம் தாண்டிய பிறகே ஒன்றாகச் சேர்க்கிறார்கள்.

இதில் பிள்ளைகளின் ஆரோக்கியமும் அடங்கியிருக்கிறது. கழிச்சல் கன்றிடமிருந்து கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கிருமி மனிதருக்கும் தொற்றும். சிறு குழந்தைகளைப் படுக்கையில் தள்ளிவிடும். ஆகவே குளிரில் விறைத்த புதுக்கன்று அடுப்படிக்கு வரலாம், கழிச்சல் கண்ட கன்று வரலாகாது. கன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டு மேசைக்கு வரக்கூடாது என்பது அந்த வீடுகளில் கண்டிப்பான சட்டம்.

குழந்தை எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் விவசாயம் சார்ந்த விபத்தில் ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒரு குழந்தை இறக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் மார்ஷ்ஃபீல்டில் இதற்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. எந்த வயதுப் பிள்ளைக்கு எந்த வேலை தரலாம் என்று 1999இல் விவரமான வழிகாட்டிகள் வெளிவந்தன. மற்ற தொழில்களில் குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை உண்டு. சொந்தப் பண்ணையில் பெற்றோர் தம் பிள்ளைக்கு வேலை கொடுப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுப்பதில்லை. எனவே எல்லாம் பெற்றோரின் விவேகத்தைப் பொறுத்தது.

அவர்கள் வற்புறுத்திச் சொல்வது சில விஷயங்கள். டிராக்டரில் இருக்கை ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். மடியில் குழந்தை கூடாது. மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுவது நமக்கும் பழக்கமான காட்சி, அதனால் இதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். நான்கு சக்கர மோட்டார் வண்டியைப் பதினாறு வயதுக்குக் கீழ் ஓட்டவே கூடாது என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் கருத்து; பண்ணைகளில் பலர் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாட்டுக்கு நீர் காட்டும் தொட்டி இரண்டடி ஆழம்தான், ஆனால் தவழும் குழந்தைக்கு அதுவே கிணறு. சாதுவான பசுவும் கன்று ஈன்ற முதல் சில நாள் சாதுவல்ல. மாட்டு நிமோனியாவுக்குப் போடும் டில்மிகோசின் மருந்து தவறி மனித உடலில் ஏறினால் இதயத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கும். ஊசியும் மருந்தும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும்.

"போகாதே" என்று சொல்லி நான்கு வயதுக் குழந்தையைத் தடுக்க முடியாது. ஆகவே வீட்டை ஒட்டி, ஜன்னலிலிருந்து பார்க்கும்படி, வேலி போட்டுத் தாழ்ப்பாள் வைத்த விளையாட்டு இடம் ஒன்று அமைக்கச் சொல்கிறார்கள். கன்றுக்கு ஆயிரம் அடி வேலி போடுகிறவர் பிள்ளைக்கு நூறடி போட யோசிக்கக்கூடாது.

பள்ளியும் பங்கு வேலையும்

1888 ஜனவரி 12 அன்று இதமான காலையில் மெல்லிய உடையில் பள்ளிக்குப் போன குழந்தைகள் மத்தியில் திடீரென்று பனிப்புயல் அடித்தது. அந்தச் சமவெளியில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலர் பள்ளிப் பிள்ளைகள். அன்று எல்லாம் ஓராசிரியர் பள்ளிகள். தொடக்கப் பள்ளி மட்டும் நடத்திய கிராம மாவட்டங்களைப் பெரிய மாவட்டங்களோடு இணைக்க 2005இல் சட்டம் வந்தது. 2006 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை ரத்து செய்தார்கள்; அதற்குள் இணைப்பு முடிந்துவிட்டது. பள்ளி தூரமாகப் போனால் தாயின் நாளில் இரண்டு மணி நேரம் சாலையில் கழிகிறது. பதினான்கு வயது கடந்த பிள்ளை பள்ளிக்கு மட்டும் தனியே கார் ஓட்டிப் போக அம்மாநிலம் அனுமதி தருவது இதனால்தான்.

மே மாத வாக்கில் கன்றுகளுக்குச் சூடு போட்டு, தடுப்பூசி குத்தி, காயடிக்கும் நாள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் வந்துவிடும். கூலி கிடையாது, இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்ற முறைதான். முப்பது நாற்பது பேருக்குச் சமையல். எட்டு வயதுப் பிள்ளை எண்ணிக்கை குறிக்கும், பன்னிரண்டு வயது வாயில் கதவைத் திறந்து மூடும். சூட்டுக்கோல் பெரியவர் கையில்.

தாயற்ற கன்றுகள் பிள்ளைகளின் பொறுப்பு. காலை, மாலை பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்து, கோடையில் மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள். '4-எச்' என்னும் இளைஞர் சங்கம் நடத்தும் போட்டியில் நடுவர் கன்றைவிடப் பிள்ளையைத்தான் அதிகம் சோதிப்பார். எவ்வளவு பால், என்ன தீவனம், எந்தத் தடுப்பூசி என்று கேட்பார். ஆறு வயதுப் பிள்ளை பதில் சொல்லும்.

அக்டோபரில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். கன்று சுமார் 250 கிலோ இருக்கும். அந்த ஒரு காசோலையில்தான் ஆண்டுக் கடனும் வீட்டுச் செலவும். பிரித்ததும் பசுக்கள் மூன்று நாள் இரவு பகலாகக் கத்தும், குழந்தைகள் தூங்கமாட்டார்கள். இப்போது பலர் தாயையும் கன்றையும் ஒரே வேலியின் இருபுறமும் விடுகிறார்கள். பார்க்கலாம், முகரலாம், பால் குடிக்க முடியாது. இப்படிப் பிரித்த கன்றுகள் குறைவாகக் கத்துகின்றன, எடையும் அவ்வளவு இழப்பதில்லை. ஒரு வாரம் இப்படி வைத்திருந்து பிறகு லாரியில் ஏற்றுகிறார்கள்.